தேர்தல் இல்லாத ஊரில் சேரியின் மனு யாருக்கு?

புதுச்சேரி என்றதும் கடற்கரைச் சாலையும் பிரெஞ்சுக்காரர் கட்டிய மஞ்சள் சுவர்களும் நினைவுக்கு வருகின்றன. நகரிலிருந்து தெற்கே போனால் பாகூர் வரும். தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நீர் பெறும் ஏரியும், அதன் கீழ் நெல்லும் கரும்பும் விளையும் வயல்களும் கொண்ட சிறு வேளாண் நகரம் அது. அந்த வயல்களில் நாற்று நடுவோரும் கரும்பு வெட்டுவோரும் பெரும்பாலும் சேரியிலிருந்து வருகிறார்கள். சேரியில் தெருவிளக்கு எரியாவிட்டாலோ, சுடுகாட்டுப் பாதை நீரில் மூழ்கினாலோ அவர்கள் மனு எழுதுவது கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்கு. ஆணையர் அரசு அதிகாரி. அவரை யாரும் வாக்களித்து அமர்த்தவில்லை, வாக்களித்து இறக்கவும் இயலாது.

பாகூரில் மட்டுமல்ல, நெட்டப்பாக்கத்திலும் மண்ணாடிப்பட்டிலும் திருநள்ளாறிலும் இதுவே நிலை. ஒன்றியப் பிரதேசத்தில் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் 98 கிராமப் பஞ்சாயத்துகளும் உள்ளன. 1968-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து, 2006-இல்தான் அடுத்த தேர்தல் வந்தது. அப்போது தேர்வானோரின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டன. இடஒதுக்கீட்டுக் குளறுபடிகள் குறித்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அறிவித்த தேர்தல் நடக்கவில்லை.

இந்த மண்ணுக்கு உள்ளாட்சி புதிதல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு ஆட்சி 1880-இலேயே நகராட்சி மன்றங்களை ஏற்படுத்தியது; பாகூரும் அவற்றுள் ஒன்று. ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல், இந்தியருக்குத் தனிப் பட்டியல் என்று அமைந்த அந்த முறையைச் சமத்துவம் என்று எவரும் புகழ வேண்டியதில்லை. இருப்பினும், 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் இந்தியாவுடனான இணைப்பை முடிவு செய்தவர்கள் யார்? பிரதிநிதி சபையிலும் இதே நகராட்சி மன்றங்களிலும் உறுப்பினர்களாக இருந்த 178 பேர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். உள்ளாட்சி உறுப்பினர்களின் வாக்கைக் கொண்டு இணைந்த பிரதேசத்தில், இன்று உள்ளாட்சி உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லை. விடுதலை நாள் விழாக்களில் இது பேசப்படுவதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அரசமைப்பின் 243இ பிரிவு, பஞ்சாயத்தின் ஆயுள் ஐந்தாண்டுகள் என்றும், அது முடிவதற்குள் தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்றும் கூறுகிறது. 243எல் பிரிவின்வழி இது ஒன்றியப் பிரதேசங்களுக்கும் பொருந்தும். 243டி பிரிவு, பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதத்தில் இடங்களையும் தலைவர் பதவிகளையும் ஒதுக்கக் கட்டளையிடுகிறது. பட்டியல் சாதிக்குரிய இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரியின் 12,47,953 மக்களில் 1,96,325 பேர் பட்டியல் சாதியினர், அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவர். இருளர் 2016 டிசம்பரில்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அதற்குப் பின் ஓர் உள்ளாட்சித் தேர்தலைக்கூட அவர்கள் கண்டதில்லை.

தேர்தல் தள்ளிப்போவதற்குப் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுச் சிக்கல் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த ஒதுக்கீடு நியாயமானது. அதைத் தலித் இயக்கங்கள் எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டின் சட்டநிலையும் வேறு. பிற்படுத்தப்பட்டோருக்கான உள்ளாட்சி ஒதுக்கீட்டுக்கு ஆணையம், தரவு, 50 விழுக்காட்டு வரம்பு என்ற மும்முனைச் சோதனையை உச்ச நீதிமன்றம் வகுத்துள்ளது. பட்டியல் சாதி, பழங்குடி ஒதுக்கீட்டுக்கு அந்தச் சோதனை இல்லை. அது அரசமைப்பே நேரடியாகத் தந்தது. ஒன்றின் பெயரால் மற்றொன்றும் பல ஆண்டுகளாக முடக்கப்படுகிறது. சுரேஷ் மகாஜன் வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதற்கு விடையும் தந்துவிட்டது: மும்முனைச் சோதனை முடியவில்லை என்பதற்காகத் தேர்தலைத் தள்ளிவைக்கக் கூடாது. இது ஒன்றியப் பிரதேசங்களையும் கட்டுப்படுத்தும்.

அரசுக்கு ஏன் அவசரமில்லை? பதினைந்தாம் நிதி ஆணையம், மாநிலங்களுக்கான உள்ளாட்சி மானியத்தை முறையாக அமைந்த மன்றங்களோடு பிணைத்தது. பணம் நிற்கும் என்ற அச்சம் தேர்தலை நடத்த வைக்கிறது. ஒன்றிய நிதி ஆணையத்தின் வரம்புக்கு வெளியே உள்ள புதுச்சேரிக்கு அந்த நெருக்கடியும் இல்லை. உள்ளாட்சி உறுப்பினர் இல்லாத இடத்தில் எல்லா வேண்டுகோளும் சட்டமன்ற உறுப்பினரின் வாசலில் குவிகின்றன. அந்த ஏற்பாடு யாருக்கு வசதி என்பதை விளக்க வேண்டியதில்லை. 30 தொகுதிகளில் 5 தனித் தொகுதிகள் இருப்பதால் குறை தீர்ந்துவிட்டது என்பாரும் உண்டு. வாய்க்கால் கரையில் எவர் வீட்டு ஓரமாகப் பாதை போக வேண்டும் என்பதைச் சட்டமன்றம் முடிவு செய்வதில்லை.

தலைவர் நாற்காலியின் மதிப்பை ஆதிக்கச் சாதிகள் நன்கு அறிவார்கள். மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-இல் கொல்லப்பட்டதும், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்தாண்டுகள் தேர்தலே நடக்கவிடப்படாததும் அதனால்தான். மதுரைப் பக்கத்தில் அரிவாளும் ஊர்க்கட்டுப்பாடும் செய்த வேலையைப் புதுச்சேரியில் ஒரு கோப்பு சத்தமின்றிச் செய்கிறது. வன்கொடுமை வழக்காக அதைப் பதிவு செய்யவும் முடியாது.

ஆனால் கேள்வி கேட்க முடியும். உங்கள் கொம்யூனில் எந்தெந்த வார்டுகள் பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் ஒதுக்கப்பட்டன, சுழற்சி எந்தக் கணக்கெடுப்பின் அடிப்படையில் வரையறுக்கப்பட்டது, 2011-க்குப் பின் சிறப்புக்கூறு நிதியில் எவ்வளவு உங்கள் குடியிருப்புக்கு வந்தது ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆணையரிடமும் மாநிலத் தேர்தல் ஆணையத்திடமும் கேளுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். முப்பது நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. உயர் நீதிமன்றத்தில் பேராணை மனு தொடுக்க வரும் வழக்கறிஞருக்கு அந்தப் பதில்கள்தாம் முதல் ஆவணங்கள்.