இழுக்க இழுக்க இறுகும் பிடி

நோய்க்கிருமி என்றதும் அதை எப்படிக் கொல்வது என்றுதான் யோசிக்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அது உடலுக்குள் எப்படித் தங்குகிறது? சிறுநீர்ப்பையை எடுத்துக்கொள்வோம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் வேகமாக வெளியேறும்போது, உள்ளே ஏறிவந்த பாக்டீரியாவும் அதோடு அடித்துச் செல்லப்பட வேண்டும். ஆனாலும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது சிறுநீர்த் தொற்று வருகிறது. பெரும்பாலும் அதற்குக் காரணம் ஈ.கோலி என்ற பாக்டீரியா. அதன் உடலைச் சுற்றி மயிரிழை போன்ற நீட்சிகள் இருக்கின்றன; ஒவ்வொன்றின் நுனியிலும் ஃபிம்-ஹெச் என்ற புரதம் உட்கார்ந்திருக்கிறது. சிறுநீர்ப்பைச் செல்களின் மேற்பரப்பில் மானோஸ் என்ற சர்க்கரை உண்டு. நுனிப் புரதத்தில் இருக்கும் சிறு குழி அந்தச் சர்க்கரையைக் கவ்விக்கொள்கிறது. இதில் வியப்பு என்னவென்றால், சிறுநீரின் ஓட்டம் இழுக்கும்போது பிடி தளர்வதில்லை. சுருக்கு முடிச்சைப் போல இறுகுகிறது. இந்தப் புரதத்துக்கு இரண்டு பகுதிகள். இழுவிசை அவற்றைப் பிரிக்க, சர்க்கரையைப் பிடித்திருக்கும் பகுதி இன்னும் கெட்டியாக மூடிக்கொள்கிறது. ஓட்டம் அதிகரித்தால் பிடியும் வலுக்கும் என்பதை 2002இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். போதாததற்கு, சுருண்டிருக்கும் இழையே நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. நம்மைக் காக்க வேண்டிய ஓட்டத்தையே கிருமி தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

அப்படியானால் கொல்லாமல், ஒட்டவிடாமல் செய்தால் போதாதா? சிகிச்சையில் இதற்கும் ஓர் இடம் வேண்டும் என்பதே என் கட்சி. ஆன்ட்டிபயாட்டிக் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கிறது. தப்பிப் பிழைப்பவை மருந்துக்கு அடங்காதவையாகப் பெருகுகின்றன. ஒட்டுவதை மட்டும் தடுத்தால் இந்தச் சேதம் குறையலாம். ஆனால் மறுப்பவர்கள் கையில் வலுவான சான்று இருக்கிறது. மானோஸையே பொடியாகக் கொடுத்தால் கிருமி அதைப் பிடித்துக்கொண்டு செல்லை விட்டுவிடும் என்று நம்பி, பிரிட்டனில் அடிக்கடி தொற்று வரும் 598 பெண்களிடம் 6 மாதம் சோதித்தார்கள். 2024இல் வெளியான முடிவு: மானோஸ் இல்லாத போலிப் பொடிக்கும் இதற்கும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை. தோற்றது கருத்தா, அந்தச் சர்க்கரையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தனி மானோஸைப் புரதம் லேசாகத்தான் பிடிக்கிறது. அதனால்தான் அந்தக் குழியில் பல மடங்கு வலுவாகப் பொருந்தும் மூலக்கூறுகளை வேதியியலாளர்கள் செய்து பார்க்கிறார்கள்.

இன்னொரு மறுப்பு இன்னும் கனமானது: கிருமியிடம் கொக்கி ஒன்றல்ல. சிறுநீரகத்தில் ஒட்ட ஈ.கோலி வேறொரு புரதத்தைப் பயன்படுத்துகிறது. சில கிருமிகள் செல்லுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்கின்றன. ஒரு கொக்கியைக் குறிவைத்தால் கிருமி அதையே கைவிட்டுவிடவும் கூடும். கக்குவான் இருமல் தடுப்பூசி இதற்கு நல்ல உதாரணம். அதன் செல்லற்ற வகைகள் பலவற்றில் கிருமியின் ஒட்டும் புரதங்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. குழந்தைகளைக் கடுமையான நோயிலிருந்து அவை காக்கின்றன. அதே சமயம், அந்த ஒட்டும் புரதங்களில் ஒன்றான பெர்டாக்டினையே கைவிட்ட கக்குவான் கிருமிகள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பரவியிருக்கின்றன. ஆகவே ஒற்றைக் கொக்கியை நம்பிய எந்த வைத்தியமும் நீடிக்காது. பலவற்றைச் சேர்த்துத் தடுக்க வேண்டும், ஆன்ட்டிபயாட்டிக்கையும் கைவிட முடியாது. அதுவரை, சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் காய்ச்சலும் இருந்தால் மானோஸ் பொடி வாங்கிக் காலம் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.