சரக்கின் வரலாற்றைச் சொல்லி விற்றல்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி தொடங்கப்பெற்றது. அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பின், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட ஏ.டி.டி. 27 என்னும் குறுவை ரகத்தைத் தஞ்சாவூர் ஜில்லாக் குடியானவர்கள் 'ரேடியோ நெல்' என்று அழைக்கலானார்கள். ஆராய்ச்சி நிலையத்தின் பெயரும் ரகத்தின் எண்ணும் வாய்வழக்கில் பின்தங்கிவிட, செய்தி வந்த வழியே நெல்லுக்குப் பெயராக நின்றது. தம் விளைபொருளைப் பிறருக்கு எடுத்துச்சொல்லி விற்க விரும்புவோர் இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது பிரயோஜனமாகும்.

ஏ.டி.டி. 27 ஜப்பானிய நெல்லும் நம் நாட்டு ஜி.இ.பி. 24 என்னும் நெல்லும் கலந்து உண்டாக்கப்பட்டது. சுமார் 105 நாளில் அறுவடைக்கு வருவது. உரத்தைத் தாங்கி மிகுந்த மகசூல் தருவது. இவ்வளவையும் ஒரு துண்டுப் பிரசுரத்தில் நான்கு வரியில் அச்சிட்டுவிடலாம். ஆனால் குறுவைக் குடியானவனின் கவலை நான்கு வரியில் தீர்வதன்று. ஆனி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்ததும் விதைத்து, வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன் அறுத்து, அதே வயலில் தாளடி நடவேண்டியவன் அவன். விதை பொய்த்தால் ஒரு போகம் மட்டுமன்றி இரண்டு போகமும் கெடும். அறியாத விதையை அவன் எளிதில் தொடமாட்டான். அதனைப் பிடிவாதம் என்று கூறுவது நியாயமன்று.

1966-ம் வருஷத்தில் திருச்சி நிலையத்தில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவு ஏற்பட்டது. பண்ணை ஒலிபரப்பில் நிபுணரின் சொற்பொழிவோடு உரையாடலும், கேள்வி பதிலும், பயிரிட்டவரின் பேச்சும் இடம்பெறுவது வழக்கம். ஒருவர் சந்தேகத்தைக் கிளப்புவார்; மற்றவர் விடை கூறுவார். நாற்றங்கால் விட்ட நாள், உரமிட்ட அளவு, பூச்சி கண்ட சமயம், களத்தில் கண்ட மூட்டைக் கணக்கு ஆகியவை நடந்த வரிசையிலேயே வரும். கேட்பவன் அந்த வரிசையில் தன் வயலை வைத்துப் பார்த்துக்கொள்கிறான். "அதிக மகசூல்" என்னும் சொல்லுக்கு இல்லாத வலிமை, தன்னைப் போன்ற ஒருவன் பட்ட பாட்டுக்கும் கண்ட பலனுக்கும் உண்டு. கதை என்று இங்கே கூறுவது இதுவே, கற்பனை கலப்பதன்று.

இம்முறை விதைக்கு மட்டும் உரியதன்று. ஸ்ரீரங்கம் தீவிலும், காவேரி கொள்ளிடக் கரைகளில் உள்ள லால்குடி, முசிறி, தொட்டியம் முதலிய பகுதிகளிலும் வாழை மிகுதியாகப் பயிராகிறது. வெளியூர்க் கடைக்கு அனுப்பப்படும் பெட்டியின்மேல் "தரமான, சுவையான, முதல்தரப் பூவன்" என்று எழுதினால் வாங்குகிறவர் எதையும் அறிந்துகொள்ளமாட்டார். பக்கத்துப் பெட்டியிலும் அவ்வாறே எழுதியிருக்கும். "கொள்ளிடக் கரை வண்டலில் விளைந்த பூவன், சிறிது புளிப்புக் கலந்த இனிப்பு, பழுத்தபின்பும் சீப்பினின்று எளிதில் உதிராது, வெட்டிய நாள் இன்னது" என்று எழுதினால், கடைக்காரர் தம்மிடம் வருவோர்க்குச் சொல்ல ஒரு விஷயம் கிடைக்கிறது. ரஸ்தாளிக்கு இதே வாசகத்தைப் போடக்கூடாது; அது இனிப்பில் மேலானதாயினும் பழுத்தால் காம்பு விட்டு உதிரும். அக்குறையை முன்னரே சொல்லி, இத்தனை நாளுக்குள் விற்றுவிட வேண்டுமென்று எழுதுவதே நலம். குறையை மறைத்த வியாபாரியிடம் கடைக்காரர் இரண்டாம் முறை வருவதில்லை. ரகங்களின் குணங்களைத் திட்டமாக அறிய விரும்புவோர், 1993-ல் திருச்சியில் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஒரே சீட்டில் சொல்ல முயல்வது பலரும் செய்யும் பிழை. பாட்டன் காலம் முதல் பயிரிடுவது, இயற்கை எரு இடுவது, ஊரின் பழம்பெருமை, பழத்தின் சத்து என்று அடுக்கினால் ஒன்றும் நினைவில் தங்காது. வாங்குபவருக்குள்ள தொல்லை எது என்று முதலில் கேட்டறியவேண்டும். சிப்ஸ் வறுப்பவருக்கு நேந்திரன் காயின் முதிர்ச்சி முக்கியம். கல்யாண வீட்டாருக்கு இலை கிழியாமல் வருவது முக்கியம். அந்த ஒன்றிலிருந்து வரலாறு தொடங்கட்டும்.

மணப்பாறை முறுக்கு 2023-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்றது. அதன் சுவைக்கு அவ்வூர்த் தண்ணீரின் இலேசான உவர்ப்பும், இருமுறை எண்ணெயில் வேகவைக்கும் பக்குவமும் காரணமாகக் கூறப்படுகின்றன. ஊர், தண்ணீர், செய்முறை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் முறுக்கின் வரலாறு இரண்டே வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது; வேறூரார் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் இயலாது. பதிவுபெற்ற பெயரை உரிமையில்லாதவர் சரக்கின்மேல் இடுவது 1999-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் ஒருபுறமிருக்க, வேறு ஜில்லாவில் விளைந்த காயை ஸ்ரீரங்கத்துப் பழமென்று ரங்கநாதர் படத்துடன் விற்பது வெறும் ஏமாற்று வித்தையே.

பழுக்கவைக்கும் முறையைப் பற்றியும் உண்மையே எழுதவேண்டும். கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்கவைப்பது தடைசெய்யப்பட்டது. பத்து லட்சத்தில் நூறு பங்குக்கு மேற்படாத எத்திலீன் வாயு அனுமதிக்கப்பட்டுள்ளது. அறையில் எத்திலீன் காட்டிப் பழுத்த தாருக்கு "மரத்திலேயே பழுத்தது" என்று சீட்டு ஒட்டுவோர் உளர். தூரத்துச் சந்தைக்கு வாழை காயாகவே வெட்டி அனுப்பப்படுவதைக் கடைக்காரர் அறிவார். ஆகையால் அந்த ஒரு பொய்யினால் சீட்டிலுள்ள மற்ற மெய்களும் நம்பிக்கை இழக்கும்.

சீட்டை அச்சிடுமுன், எழுதிய வாசகத்தைத் தோட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் ஒருமுறை வாசித்துக்காட்டி, மறுநாள் அதையே திருப்பிச் சொல்லும்படி கேட்கலாம். அவர் சொல்லாமல் விட்டவற்றை நீக்கிவிட்டு, சொன்னதை மட்டும் அச்சுக்குக் கொடுத்தால் போதும்.