தண்டுவடத்திற்கு ஒரு சாரம்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் இக்காலத்தே புதுக் கட்டடம் எழும்பாத தெருவைக் காண்டல் அரிது. சவுக்குக் கம்புகளைக் கயிற்றாற் பிணித்த சாரத்தின்மீது நின்று கொத்தனார் பூச்சு வேலை செய்வதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவர் கால் தவறி வீழ்ந்து முதுகெலும்பு முறியுமாயின், எலும்பைப் பொருத்துதல் மருத்துவர்க்கு இயலும். அவ்வெலும்பினுள் ஓடும் தண்டுவடம் நசுங்கிவிட்டாலோ, அதனைப் பழைய நிலைக்குக் கொணர்தல் இன்றளவும் எவர்க்கும் இயலவில்லை. சாரத்தினின்று வீழ்ந்தவர்க்கு மற்றொரு வகைச் சாரமே துணையாகக்கூடும் என்று விஞ்ஞானிகள் சில பத்தாண்டுகளாக முயன்று வருகின்றனர். அம்முயற்சியைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

தண்டுவடம் சுண்டுவிரற் பருமன் உள்ளது. வளர்ந்த மனிதரில் சுமார் 45 செண்டிமீட்டர் நீளமுடையது. மூளையின் கட்டளைகள் கீழிறங்குவதும், உடம்பின் உணர்ச்சிகள் மேலேறுவதும் இதன் வழியாகவே. இது முற்றிலும் அறுபட்ட இடத்திற்குக் கீழே கால்கள் அசையா. சூடும் குளிரும் தோன்றா. சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் ஆற்றலும் போய்விடும்.

கையிலோ காலிலோ உள்ள நரம்பு அறுந்தால் அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளர வல்லது. தண்டுவடத்து நரம்பிழை மட்டும் ஏன் வளர்வதில்லை? கை நரம்பில் ஷ்வான் உயிரணுக்கள் என்பவை பழைய உறைக்குள் வரிசையாக நின்று, புதிய இழைக்கு வழி காட்டுகின்றன. தண்டுவடத்திலோ அவ்வழிகாட்டிகள் இல்லை. காயத்தின் நடுவே நீர் நிறைந்த குழி விழுகின்றது. சுற்றிலும் தழும்பு தடிக்கின்றது. இழையின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களும் அங்கே தங்கிவிடுகின்றன. கொடிக்கு உயிர் இருந்தும் பந்தல் இல்லை என்று கூறலாம். வல்லி என்பதே கொடிக்குப் பெயராதலின், பூவிருந்தவல்லி அன்பர்களுக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

கொடிக்கு உயிர் உண்டு என்பதைக் காட்டியவர் கனடா தேசத்து மாண்ட்ரியல் நகரில் ஆராய்ந்த டேவிட், அகுவாயோ என்னும் இருவர். 1981-இல் அவர்கள் எலியின் கால் நரம்புத் துண்டு ஒன்றை மூளையின் அடிப்பகுதிக்கும் தண்டுவடத்திற்கும் இடையே பாலம்போல் வைத்தனர். வளராது என்று கருதப்பட்ட இழைகள் அப்பாலத்தினுள் சுமார் 3 செண்டிமீட்டர் தூரம் வளர்ந்தன. ஆனால் பாலத்தைக் கடந்து மறுபடியும் தண்டுவடத்துள் நுழைந்தவுடன் சிறிது தூரத்திலே நின்றுவிட்டன. இன்றும் அவ்விடமே பெரும் இடறலாக இருக்கின்றது.

அத்தகைய பாலத்தைச் செயற்கையாக அமைப்பதே நாம் கூறிய சாரம். அதற்குப் பெரிதும் பயன்படும் பொருள்களுள் ஒன்று கொலாஜன். தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது அதுவே. இதன் வரலாற்றில் நம் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஆராய்ந்த கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கங்காருவின் வாலிலுள்ள தசைநாணை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து, கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்த முறுக்கு என்று 1954-இல் வெளியிட்டனர். அடுத்த மனையிலேயே 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. மாட்டுத்தோலைப் பதனிடும் கலைக்கும் முடங்கிய மனிதரை எழுப்பும் கலைக்கும் ஒரே பொருள் மூலமாயிருத்தல் வியப்பன்றோ!

கொலாஜன் கரைசலை ஒரு பக்கமிருந்து குளிரச் செய்தால் பனிக்கட்டி ஊசிகள் ஒரே திசையில் நீண்டு வளரும். வெற்றிடத்தில் அப்பனியை ஆவியாக்கிவிட்டால், ஊசிகள் இருந்த இடமெல்லாம் நுண்ணிய குழாய்களாக நிற்கும். அக்குழாய்களில் நரம்பிழைகள் ஊர்ந்து செல்லவேண்டும் என்பதே நோக்கம். வேலை முடிந்தபின் கொத்தனார் சாரத்தை அவிழ்ப்பார். இச்சாரமோ தானே கரைந்து உடம்பிற் கலந்துவிடும்.

அறுந்த கை நரம்புகளுக்குக் கொலாஜன் குழாய் பொருத்துதல் வழக்கில் வந்துவிட்டது. தண்டுவடத்தின் நிலை வேறு. 2014-இல் அமெரிக்காவிலும் 2015-இல் சீனத்திலும் காயமுற்றோர்க்குச் சாரங்கள் வைக்கப்பட்டன. அமெரிக்கச் சாரம் கொலாஜனன்று, கரையும் செயற்கைப் பொருளாலானது. அது வைக்கப்பட்டோரையும் வைக்கப்படாதோரையும் ஒப்பிட்ட சோதனையின் முடிவு 2023-இல் வெளிவந்தபோது, எதிர்பார்த்த பயன் காணப்படவில்லை. ஆகவே, பணம் பெற்றுக்கொண்டு நடக்க வைப்போம் என்று விளம்பரம் செய்வோரை நம்புதல் இப்போதைக்குத் தகாது என்பதே எம் கருத்து.

அதுவரை இத்தகையோர்க்கு வாழ்வே இல்லையோ? வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் 1954-இல் ஒரு மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தோன்றக் காரணமாயிருந்தார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். படுக்கைப் புண் வராமற் காத்தலும், சிறுநீர்ப்பையைப் பேணுதலும், கைகளை வலுப்படுத்துதலும் இன்றும் சாரத்தினும் மிகுதியாக உயிர் காக்கின்றன.

மாணாக்கர் ஒன்றை மறவாதிருப்பாராக. உயரத்தினின்று வீழ்ந்தவரையோ, பெங்களூர் நெடுஞ்சாலையில் வண்டி மோதிக் கிடப்பவரையோ தலையையும் காலையும் பற்றித் தூக்கி ஆட்டோவில் மடக்கி ஏற்றுதல் கூடாது. எலும்பு மட்டும் முறிந்து தண்டுவடம் தப்பியிருந்தால், அவ்வாறு மடக்குதலே அதனை நசுக்கிவிடக்கூடும். மூச்சு வருகிறதா என்று நோக்கி, கழுத்தை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு, 108-ஐ அழைத்துக் காத்திருத்தல் வேண்டும். நெருப்போ வேறு ஆபத்தோ அருகிருந்து உடனே நகர்த்த வேண்டின், நால்வர் சேர்ந்து, தலையும் முதுகும் காலும் ஒரே நேர்க்கோட்டில் நிற்குமாறு, மரக்கட்டையை உருட்டுவதுபோற் பலகையின்மீது உருட்டி ஏற்றுக.