காஃப்கா பார்த்த ஆபீஸ் வேலை

சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா, 1907 அக்டோபரில் பிராக் நகரில் ஓர் இத்தாலிய இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளையில் வேலைக்குச் சேர்ந்தார். காலை எட்டுக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் விடுதலை. சம்பளமும் சொற்பம். ஒரு வருடம்கூட அங்கே அவர் தாக்குப்பிடிக்கவில்லை.

1908 ஜூலை கடைசியில், பிராக் அடங்கிய போகிமியப் பகுதியின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுக் கழகத்தில் இடம் கிடைத்தது. அரசு சார்ந்த அலுவலகம். பகல் இரண்டு மணியோடு வேலை முடிந்துவிடும். மிச்ச நேரத்தில் எழுதலாம் என்பதற்காகவே அவர் அங்கே போனார். போன இடத்திலோ, செய்யத் தகுந்த வேலையே காத்திருந்தது.

தொழிலாளிக்கு அடிபட்டால் இழப்பீடு தரும் அமைப்பு அது. அதற்கான பிரீமியத்தில் பெரும்பங்கை முதலாளிகள் கட்ட வேண்டும். எந்த ஆலை எவ்வளவு ஆபத்தானதோ அதற்கேற்ற தொகை. தொகை அதிகம் என்று முதலாளிகள் போட்ட மேல்முறையீடுகளுக்குப் பதில் எழுதுவது காஃப்காவின் பொறுப்புகளில் ஒன்று. கோப்போடு நிற்காமல், வடக்குப் போகிமியாவின் ஆலை ஊர்களுக்கு அவர் நேரிலும் போய்வந்தார்.

1910இல் வெளிவந்த கழகத்தின் ஆண்டறிக்கையில் மரம் இழைக்கும் எந்திரங்களைப் பற்றி அவர் எழுதிய பகுதி இருக்கிறது. அன்றைய எந்திரங்களில் கத்திகளைச் சதுரத் தண்டில் பொருத்தியிருந்தார்கள். தண்டுக்கும் மேசை விளிம்புக்கும் நடுவே அகலமான இடைவெளி. இழைக்கும்போது பலகை துள்ளினாலோ கை வழுக்கினாலோ விரல்கள் அதற்குள் போய்விடும். கைதேர்ந்த தொழிலாளிக்கும் இதுதான் கதி. உருளைத் தண்டு வைத்தால் இடைவெளி மிகக் குறுகிவிடும், கை பட்டாலும் கீறலோடு போகும் என்று காஃப்கா விளக்கினார். படங்களும் போட்டுக் காட்டினார். செலவும் இதில் குறைவு என்று முதலாளிகளின் காதில் ஏறும் வாதத்தையும் சேர்த்துக்கொண்டார். உணர்ச்சி வசனம் ஒன்றுகூட இல்லாத இந்த அறிக்கை, அவர் எழுதிய நல்ல பக்கங்களில் வைத்து எண்ணத் தகுந்தது.

முதல் உலகப் போரில் மனம் சிதைந்து திரும்பிய வீரர்களுக்கு மருத்துவமனை அமைக்க, 1916இல் பொதுமக்களிடம் ஆதரவு திரட்டும் வேலையிலும் அவர் ஈடுபட்டார்.

இத்தனைக்கும் ஆபீஸ் தன் எழுத்தைத் தின்கிறது என்ற புலம்பல் அவர் டைரியிலும் கடிதங்களிலும் ஓயவே இல்லை. ஆனால் மேலதிகாரிகள் அவரை மதித்தார்கள். பதவி உயர்வுகள் வந்தன. 1917இல் காசநோய் தெரிந்தபின் நீண்ட விடுப்புகளும் கிடைத்தன. 1922 ஜூலையில் ஓய்வூதியத்தோடு விடைபெறும் வரை அவர் வேறு வேலை தேடிப் போகவில்லை.