கணவரையும் அழைத்து வாருங்கள்

மாலை ஆறு மணி. வீட்டுக்குள் நுழைந்த கணவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக அலமாரிக்குப் போய் பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறார். அன்று மனைவி அதைத் தொட்டிருக்கவே இல்லை. ஆனால் அந்தப் பார்வையைக் கண்டதும், ‘ஒரு வாய் குடித்தால் தேவலை’ என்று தோன்றிவிடுகிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் குடிநோய்ச் சிகிச்சைக்கு வரும் பெண்களிடம் இந்தக் கண்ணியைத்தான் தேடுகிறார்கள்: குடிக்கும் தாகம் எப்போது எழுந்தது, அதற்குச் சற்று முன் வீட்டில் என்ன நடந்தது?

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் பார்பரா மெக்ரேடி, எலிசபெத் எப்ஸ்டீன் குழுவினர் இதை முறையாகச் சோதித்தார்கள். குடிநோய் உள்ள 102 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குத் தனியாகவும் மற்றவர்களுக்குத் துணைவரோடும் ஆறு மாதம் சிகிச்சை தந்தார்கள். முடிவு 2009இல் வெளியானது. இரு தரப்பிலும் குடி குறைந்தது. துணைவர் உடன் வந்தவர்களிடம் கூடுதலாகவே குறைந்தது.

ஆனால் யாருக்கு எதில் பலன் என்ற கணக்கு இவ்வளவு எளிதல்ல. உறவு கசந்திருந்த பெண்களுக்குக் குடிக்காத நாட்கள் கூடியதில் ஜோடிச் சிகிச்சை கைகொடுத்தது. அளவுமீறிக் குடிக்கும் நாட்கள் குறைந்ததிலோ, உறவு ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்குத்தான் அதனால் ஆதாயம். தாம்பத்தியம் சரியானால் குடி தானே போய்விடும் என்று சொல்ல இதில் இடமில்லை. குடியும்தானே உறவைக் கெடுக்கிறது!

சிகிச்சையில் கணவருக்குக் காவல்காரர் வேலை கிடையாது. சொல்லப்போனால், அந்த வேலையை விடத்தான் அவருக்குப் பயிற்சி. மனைவி தினமும் ஒரு அட்டையில் தாகம், குடித்த அளவு, உறவில் அன்றைய நிறைவு மூன்றையும் குறிக்கிறார். தாகம் அலைபோல் ஏறி, தீனி போடாவிட்டால் இறங்கிவிடும். அது இறங்கும்வரை குத்திக்காட்டாமல் கூட இருப்பதும், மனைவி செய்த நல்லதை வாய்திறந்து சொல்வதும் கணவருக்கான பாடம்.

ஆனால் விருப்பத்தைக் கேட்டபோது, பல பெண்கள் தனிச் சிகிச்சையையே விரும்பினார்கள். ‘என் பிரச்சினையை நான் பேச வேண்டும்’ என்றார்கள் சிலர்; வீட்டில் ஆதரவில்லை, கணவருக்கு நேரமில்லை என்றார்கள் வேறு சிலர். கடுமையான அடிதடி உள்ள வீடுகளுக்கு ஜோடிச் சிகிச்சை பொருந்தவும் பொருந்தாது. அறையில் சொன்னதற்கு வீட்டில் அடி விழக்கூடும். பெண்களுக்கென்றே தனியாகவும் குழுவாகவும் தரும் சிகிச்சைகளையும் அதே ஆய்வாளர்கள் பின்னர் வடிவமைத்தார்கள்.