இசைத்தட்டுகளை இனியும் காக்க வேண்டுமா?

கைப்பேசியில் ஆயிரக்கணக்கான பாடல்கள் நொடியில் கிடைக்கும் இந்நாளில், இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் இடத்தை அடைக்கும் பழம்பொருள்கள் என்றே பலர் கருதுகின்றனர். இக்கருத்து ஆராயத்தக்கது.

இணைய இசைச் சேவைக்குச் சந்தா செலுத்துவோர் பாடலை விலைக்கு வாங்குவதில்லை. கேட்கும் உரிமையை மட்டுமே பெறுகின்றனர். சேவை நிறுவனத்துக்கும் பாடலின் உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தால் பாடலும் மறைந்துவிடலாம்.

எஸ். ஜி. கிட்டப்பாவை எண்ணிப் பாருங்கள். நாடக மேடையில் புகழ்பெற்ற அவர் 1933ஆம் ஆண்டு இளவயதிலேயே மறைந்தார். பேசும்படம் எதிலும் நடித்ததில்லை. அவர் குரலை இன்று நாம் கேட்பதற்கு, நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் அரக்கு இசைத்தட்டுகளே காரணம். பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும் அத்தட்டுகளைச் சிலர் வீசியெறியாமல் காத்தனர்.

அனைத்தையும் சேர்த்து வைக்க எவராலும் இயலாது. எளிதில் மீண்டும் கிடைக்கும் குறுந்தட்டுகளைக் கைவிடலாம். மறுபதிப்புக் காணாதவை, உள்ளூர்க் கலைஞர்களின் பதிவுகள், குடும்பப் பெரியோர் பாடிய ஒலிநாடாக்கள் ஆகியவற்றை மின்னிலக்கப் படியெடுத்து, மூலத்தையும் பேண வேண்டும். நாளை மேம்பட்ட கருவி வரும்போது மூலத்திலிருந்தே மேலும் தெளிவான படியை எடுக்க முடியும்.

நம் நாட்டின் ஈரப்பதத்தில் ஒலிநாடாக்களில் பூஞ்சை படரும், எனவே காலந்தாழ்த்தலாகாது. மாணவர்கள் தத்தம் இல்லத்து அலமாரியிலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம்.