காக்கும் படையே கல்லீரலைக் கெடுப்பதேன்?

செஞ்சி, தேசூர், சீயமங்கலம் ஆகிய ஊர்ப்பக்கங்களில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால், வரப்போரத்தில் கீழாநெல்லி தேடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். அரைத்து மோரில் கலந்து சில நாள் கொடுப்பர், மஞ்சள் மறையும், நோய் தீர்ந்ததென்று வீட்டார் ஆறுதலடைவர். பல வேளைகளில் அது உண்மையே. அசுத்த நீரால் பரவும் ‘ஏ’, ‘ஈ’ வகைக் காமாலைகள் பெரும்பாலும் தாமாகவே தணிபவை. இரத்தத்தின் வழியே பரவும் ‘பி’, ‘சி’ வகை வைரஸ்களோ அத்தகையன அல்ல. மஞ்சள் மறைந்த பின்னும், ஏன், மஞ்சளே தோன்றாமலும், அவை கல்லீரலில் பல்லாண்டுகள் குடியிருக்கக்கூடும்.

குடிபுகுந்த வைரஸ் கல்லீரலை எவ்வாறு கெடுக்கிறது? இங்கேதான் வியப்பு இருக்கிறது. ‘பி’ வைரஸ் தான் புகுந்த உயிரணுவைப் பெரும்பாலும் நேரே கொல்வதில்லை. அதை ஒழிக்க வரும் நம் வெள்ளணுக்களே, வைரஸோடு அது தங்கியிருக்கும் உயிரணுவையும் அழிக்கின்றன.

இப்படையை நடத்துபவை சைட்டோகைன்கள் என்னும் நுண்ணிய புரதங்கள். ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவுக்கு விடுக்கும் ஓலைகள் என இவற்றைக் கூறலாம். 1957இல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் இருவர் இலண்டனில் கண்டறிந்த இன்டர்பெரான் இவ்வினத்தைச் சேர்ந்தது. வைரஸ் பெருகாதவாறு தடுக்கும்படி அது உயிரணுக்களை எச்சரிக்கிறது. டி.என்.எப். என்னும் மற்றொன்று அழற்சியை மூட்டுகிறது. போர் விரைவில் முடிந்தால் இவை யாவும் நன்மையே. கல்லீரல் மீண்டும் வளர்ந்துவிடும்.

போர் முடியாவிட்டால் என்னாகும்? 1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டை மட்டுமன்றிச் சுற்றியிருந்த சீமையும் நலிந்தது. நாட்பட்ட கல்லீரல் அழற்சியும் அத்தகையதே. வைரஸை அடியோடு வெல்ல முடியாத படை, ஆண்டுக்கணக்கில் உயிரணுக்களை அழித்துக்கொண்டே இருக்கும். அப்போது டி.ஜி.எப். பீட்டா என்னும் சைட்டோகைன், கல்லீரலிலுள்ள சில அணுக்களைத் தூண்டி நார்த்தழும்பை உண்டாக்கும். தழும்பு பெருகிக் கல்லீரல் இறுகுவதே சிரோசிஸ். புற்றுநோய்க்கும் அது வழி திறந்துவிடும்.

பிறக்கும்போதே ‘பி’ வைரஸ் தொற்றிய குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது நிலைத்துவிடுகிறது. வளர்ந்தவர்களில் ஐந்து பேருக்கும் குறைவே. பச்சிளங்குழந்தையின் எதிர்ப்பாற்றல் பகையை அடையாளங்கண்டு முழுமூச்சாகப் போரிடாததே இதற்குக் காரணம்.

கீழாநெல்லி இவ்வைரஸை ஒழிக்குமா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ‘பி’ வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பர்க்கும் பிறரும் இதனை ஆராய்ந்து 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். மூலிகை பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. பெறாத 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே வியந்தது. ஆனால் பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை. ஆகவே மூலிகையை மட்டும் நம்பி இரத்தச் சோதனையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

இன்று நல்ல மருந்துகள் உள்ளன. டெனோபோவிர், என்டெகாவிர் ஆகியவை ‘பி’ வைரஸின் பெருக்கத்தை அடக்குகின்றன. பகை அடங்கவே படையும் தணிகிறது, தழும்பும் குறையக்கூடும். ஆனால் மருத்துவரைக் கேளாமல் இவற்றை நிறுத்தினால் அழற்சி கடுமையாக மீளும். ‘சி’ வகையோ பெரும்பாலும் 12 வார மாத்திரைகளால் முற்றிலும் குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இவற்றுக்கான சோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படுகின்றன.

அன்பார்ந்த தாய்மாரே, கருவுற்றதும் ‘பி’ வைரஸுக்கான இரத்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் தடுப்பூசியின் முதல் தவணையைக் கேட்டுப் பெறுங்கள். வீட்டில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் தட்டையும் பாயையும் ஒதுக்காதீர்கள். உடன் உண்பதாலோ தொடுவதாலோ இது பரவாது. சவரக் கத்தியும் பல்துலக்கியும் மட்டும் தனியாக இருக்கட்டும். மற்றவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும். அஞ்ச வேண்டியது நோயாளியை அன்று, நோயை அறியாதிருப்பதையே.